வாய்விட்டுச் சொல்லாத ஜெபம்

எங்கள் மாடி வீட்டில் புதன்கிழமைதோறும் சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடக்கும். ஜெபம் என்றால் சும்மா இல்லை, ஆண்டவருக்கே விலாசம் சொல்லிக் கொடுக்கிற ஜெபம். "ஆண்டவரே, ராயக்கோட்டை ரோட்டுல டீக்கடை தாண்டி மஞ்ச கேட்டு போட்ட வீடு, அங்கதான் என் நாத்தனார் படுத்த படுக்கையா கெடக்கா" என்று ஒருத்தி ஆரம்பித்தால், எந்த டாக்டர், என்ன ஊசி, பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்பது வரைக்கும் போகும். உலகத்தைப் படைத்தவருக்கு வழி தெரியாதா என்று என் வீட்டுக்காரர் விமல்ராஜ் கிண்டல் பண்ணுவார். நான் அவரை முறைத்துவிட்டு அதே மாதிரிதான் ஜெபிப்பேன். வாய்விட்டு அழுது சொன்னால்தான் மனம் ஆறும் என்பது எங்கள் எல்லோருக்கும் இருந்த பழக்கம்.

என் பெயர் ரோஸ்லின். சாத்தான்குளம் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, பாகலூர் ரோட்டில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். இரண்டு பேருக்கும் கம்பெனி வேலை. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், கோபமும் மூக்கு நுனியில் நிற்கும். கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எங்களைப் போலத் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மீதிப் பேர் சுற்று வட்டாரக் கிராமத்து ஆட்கள், வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ் என்று பேசுகிறவர்கள். ஜெபத்தில் எல்லா பாஷையும் கலந்து வரும். எங்கள் பாஸ்டர் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு பல சபைகளைக் கவனிக்கிறவர் என்பதால் புதன்கிழமைகளில் நாங்களே நடத்திக்கொள்வோம்.

ஷிப்ட் வேலைக்காரர்கள் வாரா வாரம் வர முடியாது. செகண்ட் ஷிப்ட் வந்துவிட்டால் ஜெபம் போச்சு. அதற்காகத் தமிழ்செல்வி ஒரு வழி கண்டுபிடித்தாள். செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், ஹாஸ்டலில் இருக்கிறாள், சுறுசுறுப்புக்குக் குறைவில்லை, ஆனால் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள். கூட்டம் ஆரம்பித்ததும் ஒரு போனை நடுவில் வைத்து எல்லாருடைய ஜெபத்தையும் பதிவு செய்து, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாள். வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது அதைக் கேட்டு, ஆமென் சொல்லி, அழுகிறவர்கள்கூட உண்டு. நல்ல ஏற்பாடு என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

பிரதாப் என்பவரைக் கூட்டிவந்ததும் தமிழ்செல்விதான். அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகப் பக்கம் ஊழியம் செய்கிறவர், தீர்க்கதரிசன வரம் உள்ளவர், சனிக்கிழமை மத்தியானம் நம் வீட்டுக்கு வரச் சம்மதித்திருக்கிறார் என்றாள். தீர்க்கதரிசி என்றதும் அடுக்குமொழியில் கத்துகிற ஆளை எதிர்பார்த்தேன். வந்தவரோ மெல்லிய குரல்காரர். வெள்ளைச் சட்டை, குனிந்த தலை. காணிக்கை என்று ஒருவர் கையை நீட்டியபோது, வேண்டாம் என்று கும்பிட்டார். என் காபியைக்கூடக் குடிக்கவில்லை. அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம், என் காபியை வேண்டாம் என்றவர் இந்தத் தெருவில் யாரும் கிடையாது.

அவர் கண்ணை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, ஒரு சுவரைக் கர்த்தர் எனக்குக் காட்டுகிறார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் உடன்பிறந்தவர் நிற்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஊரில் ஒரு காம்பவுண்டுச் சுவர்த் தகராறில் என் தம்பி என்னோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. இந்த மனிதருக்கு அது எப்படித் தெரியும்? வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் சாத்தான்குளத்தில் இருக்கிற ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் அவர் ஒன்று சொன்னார். சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. பயமும் சந்தோஷமும் கலந்து, கால் தரையில் பாவாத மாதிரி நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

கடைசியாக அவர் மாதேஸ்வரியிடம் போனார்.

மாதேஸ்வரி உத்தனப்பள்ளிக்காரி. தக்காளியும் சாமந்தியும் போடுகிற விவசாயக் குடும்பம். வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் அவர்கள் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள். மகள் பிரியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, காலையும் ராத்திரியும் மாத்திரை போடுகிறாள். ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகளுக்காக யாராவது கேட்க மாட்டார்களா என்று தேடித்தான் மாதேஸ்வரி எங்கள் கூட்டத்துக்கு வந்தாள். அவள் புருஷன் வெங்கடப்பன் தடுக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தால் தமிழ் போய்த் தெலுங்கு வந்துவிடும். "தேவுடா, தேவுடா" என்று அவள் கூப்பிடுகிறபோது கல்லும் கரையும்.

பிரதாப் பிரியாவின் தலையில் கை வைத்தார். "இந்தப் பிள்ளையின் மூளையில் ஒரு முடிச்சு இருந்தது. இப்போதே கர்த்தர் அதை அவிழ்க்கிறார். அம்மா, நாளையிலிருந்து மாத்திரை வேண்டாம். மாத்திரை போட்டால் கர்த்தரை நம்பவில்லை என்று அர்த்தம். எங்கள் ஊழியத்தின் அடுத்த மாதப் பெருவிழாவில் இவள் மேடையில் ஏறிச் சாட்சி சொல்லுவாள்." கூட வந்த ஆள் இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். போகும்போது பிரதாப் இன்னொன்றும் சொன்னார். "உங்களுக்கு நெருக்கமானவர்களே இதை எதிர்ப்பார்கள். அது சத்துருவின் வேலை. காதில் வாங்காதீர்கள்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. சுகம் கொடுக்கிறவர் ஏன் முன்கூட்டியே வாயை அடைக்க வேண்டும்? ஆனால் என் தம்பியின் சுவரை நினைத்துக்கொண்டு அந்த உறுத்தலை அமுக்கிவிட்டேன்.

மாதேஸ்வரி மாத்திரையை நிறுத்திவிட்டாள். பாஸ்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் பதறிப்போய் அவளைக் கூப்பிட்டு, மருந்தும் ஆண்டவர் கொடுத்ததுதான், நிறுத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் போய்க் கேட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நெருங்குனவங்கதான் எதிர்ப்பாங்கன்னு அவரு அன்னிக்கே சொன்னாருக்கா. பாஸ்டரும் நீயும் அதத்தான் பண்றீங்க. எம் பொண்ணு மேடையில நின்னு சொல்றப்ப பாருங்க."

"ஏம்மா, டாக்டர் ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னாரே. பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"ஆவாதுக்கா. இதோ, இது வரைக்கும் வல்ல இல்ல?"

வரவில்லைதான். பிரியா பக்கத்தில் நின்று சாமந்திப் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் முடிக்கப் போகிற பெண், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை மாதேஸ்வரி தாமதமாக வந்தாள். வந்ததும் முழங்காலில் விழுந்தாள். காலையில் பிறந்த செவலைக் கன்றுக்குட்டி எழுந்திருக்கவே இல்லை, செத்துப்போய்விட்டது, தாய் மாடு கத்துகிறது என்று தமிழும் தெலுங்குமாகக் கதறினாள். நாங்களும் அழுதோம். மறுநாள் போனில் அவளே சிரித்தாள். "நான் வூட்டுக்குப் போறேன், அது நின்னுக்கினு பாலு குடிக்குதுக்கா! செத்துட்டதுன்னு நெனச்சி நான் அழுததுதான் மிச்சம்." நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை பிரதாப் மறுபடியும் வந்தார். கண்ணை மூடினார். மாதேஸ்வரி பக்கம் திரும்பினார். "அம்மா, செத்துப்போன ஒரு செவலைக் கன்றுக்குட்டியைக் கர்த்தர் காட்டுகிறார். தாய் மாட்டின் சத்தத்தைக் கேட்கிறேன் என்கிறார். ஒன்றுக்கு இரண்டாகத் தருவேன் என்கிறார்."

"ஆமென்!" என்று மாதேஸ்வரி கையை உயர்த்தினாள்.

நான் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தேன். கூட்டம் முடிந்ததும் அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், "ஏம்மா, உன் கன்னுக்குட்டி உசிரோடதான இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்குதுக்கா."

"அப்ப எதுக்கு ஆமென் சொன்ன?"

"அவ்ளோ பெரியவரு சொல்றப்ப எப்பிடிக்கா இல்லன்னு சொல்றது? அடுத்த கன்ன சொல்றாரோ இன்னாவோ."

கன்று பிழைத்தது ஆண்டவருக்குத் தெரியாதா? அவர்தானே பிழைக்க வைத்தார்! கன்று செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் புதன்கிழமை ஜெபத்தைக் கேட்டவர்கள் மட்டும்தான். நான் தமிழ்செல்வியைப் பிடித்தேன்.

"குழுவுல பிரதாப் நம்பர் இருக்கா?"

"இருக்குக்கா. நான்தான் சேர்த்தேன். நம்ம கஷ்டத்தக் கேட்டு அவரும் ஜெபிப்பாருன்னுதான்" என்றாள், பச்சைப் பிள்ளை மாதிரி. அவர் முதல் தடவை வருவதற்கு எத்தனையோ வாரம் முன்பே சேர்த்திருக்கிறாள்.

என் தம்பியின் சுவரை நானே ஒரு புதன்கிழமை ஒப்பாரி வைத்துச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நாங்கள் கூட்டமாகக் கெட்டிருக்கிறோம். என்னை ஏமாற்றினால்கூடப் போகட்டும். ஆண்டவர் பார்க்கிறார் என்று எனக்கு வந்த சிலிர்ப்பை இந்த ஆள் திருடி எடுத்திருக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உடனே மாதேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். "கேட்டுக்கினுதான் சொல்றாருன்னே வெச்சிக்கோ. எம் பொண்ணுக்கு நின்னது நின்னதுதானக்கா?"

எல்லோரும் போனதும் விமல்ராஜிடம் புலம்பினேன். குழுவிலிருந்து அந்த நம்பரைத் தூக்கிவிடலாம். ஆனால் தூக்கினால், எதிர்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், மாதேஸ்வரியைத் தனியாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். அவள் கண் முன்னாலேயே அவன் சாயம் வெளுக்க வேண்டும். அதுவும் சீக்கிரம் வெளுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளை மாத்திரை இல்லாமல் இருக்கிறாள்.

"ஏட்டி, இதுக்குப் போயி மண்டைய ஒடைக்கியே" என்றார் அவர். "முள்ள முள்ளாலதான் எடுக்கணும். வார புதன்கிழமை ஜெபத்துல ஒரு பொய்ய எடுத்து வுடு. ஒன் தம்பி பைக்குல இருந்து விழுந்து கால ஒடிச்சிக்கிட்டான்னு அழு. சனிக்கிழமை அவன் அந்தக் கால கொண்டாந்து ஒன் மடியில வைப்பான். அப்பம் புடி."

எனக்கு அது அருமையான யோசனையாகப் பட்டது. புதன்கிழமை வரைக்கும் அந்தப் பொய்யை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். எந்த ரோடு, எந்தக் கால், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் தயார். நமக்குத்தான் விவரமாகச் சொல்லுகிற பழக்கம் இருக்கிறதே.

புதன்கிழமை வந்தது. எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்தோம். மாதேஸ்வரியும் பிரியாவும் ஓரத்தில் ஒரே பாயில் இருந்தார்கள். தமிழ்செல்வி வழக்கம்போலப் போனை நடுவில் வைத்தாள். முதலில் ஜெபிக்க வேண்டியது நான்தான். முழங்காலில் நின்று கண்ணை மூடினேன். "ஆண்டவரே" என்றேன்.

அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

யாரைக் கூப்பிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் அந்தப் பெயரைச் சொல்லி வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கிறவர் யார் என்று ஒரு நாளும் நின்று நினைத்ததில்லை. கூப்பிட்டுவிட்டேன். அவர் கேட்கிறார். இப்போது அவர் முகத்துக்கு நேராக, என் தம்பியின் கால் ஒடிந்தது என்று எப்படிச் சொல்வேன்? அவர் செய்த கால் அது. அந்த அறையில் எங்களைத் தவிர இன்னொருவர் இருக்கிறார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிரதாப் சுவரைச் சொன்னபோது வந்த சிலிர்ப்பு வேறு, இது வேறு. அன்று துள்ள வேண்டும் போல இருந்தது. இன்று தலையைத் தரையில் வைக்க வேண்டும் போல இருந்தது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேள் என்று வேதத்தில் அவர்தானே சொன்னார்? அந்தரங்கத்தில் பார்க்கிறவருக்கு எதற்கு ஒலிபெருக்கி? எல்லாரையும் பார்த்து, "இன்னைக்கு யாரும் சத்தம் போட்டு ஜெபிக்க வேண்டாம். அவரவருக்கு இருக்கிறத மனசுக்குள்ள அவர்கிட்ட மட்டும் சொல்லுவோம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

எல்லோரும் முழித்தார்கள். ஒருவர் பாட்டாவது பாடலாமே என்றார். வேண்டாம் என்று தலையசைத்தேன். முதலில் பெரிய கஷ்டமாக இருந்தது. இருமினார்கள், புடவையைச் சரி செய்தார்கள். வெளியே கம்பெனி பஸ் ரிவர்ஸ் எடுத்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கீழ் வீட்டில் கன்னட சீரியலில் ஒரு மாமியார் திட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்த போன் இதையெல்லாம் சிரத்தையாகப் பதிவு செய்துகொண்டிருந்தது.

பிறகு மெதுவாக ஏதோ மாறியது. இருமல் நின்றது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். வாய்க்கு வாய் பேசுகிற எங்கள் ஆட்கள் அசையாமல் இருந்தார்கள். மாதேஸ்வரி நெற்றியைப் பாயில் பதித்திருந்தாள், அவள் முதுகு குலுங்கியது, சத்தம் வரவில்லை. பிரியா கைகளைக் கோத்து நெஞ்சோடு வைத்திருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வரைக்கும் இறங்கியிருந்தது. நான் என் பொய்யைப் பற்றியும், தம்பியைப் பற்றியும், இந்தப் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடித்ததும் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. அப்போதும் அவர் இருந்தார். எங்கள் ரெண்டு கட்டு மாடி வீட்டில், ஈரத்துணி காய்கிற கொடிக்குப் பக்கத்தில் அவர் இருந்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. எழுந்தபோது யாரும் யாரோடும் பேசவில்லை. செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை பிரதாப் வந்தார். முகத்தில் ஒரு கடுகடுப்பு. பஸ் ரிவர்ஸும் குக்கர் விசிலும் கேட்டுவிட்டு வந்திருப்பார், பாவம். கண்ணை மூடினார். வெகு நேரம் மூடியிருந்தார். "இங்கே ஒருவருக்கு முதுகுவலி இருக்கிறது" என்றார். நாளெல்லாம் நின்றுகொண்டு வேலை செய்கிறவர்கள் நிறைந்த அறையில் யாருக்கு முதுகுவலி இல்லை? யாரும் ஆமென் சொல்லவில்லை. "ஒருவர் வீட்டில் சமாதானக் குறைவு" என்றார். அதற்கும் அமைதிதான். புதன்கிழமை அமைதி எங்களிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த அமைதியில் அவர் பேசுவது மொட்டையாகக் கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் சட்டென்று பிரியா பக்கம் போனார். வீடியோக்காரனுக்குக் கை காட்டினார். பிரியாவின் தலையில் கையை வைத்துக் குரலை உயர்த்தினார்.

"கர்த்தர் இப்போது எனக்குச் சொல்லுகிறார்! நான் ஜெபித்த நாள் முதல் இந்தப் பிள்ளையின் சரீரம் ஒருமுறைகூட நடுங்கவில்லை என்கிறார். ஒருமுறைகூட! அம்மா, கேமராவைப் பார்த்து ஆமென் சொல்லுங்கள்."

மாதேஸ்வரி ஆமென் சொல்லவில்லை. எழுந்து நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"வந்துச்சி" என்றாள்.

"என்னம்மா?"

"திங்கக்கெழம வந்துச்சி. மாட்டுக் கொட்டாவுல. விழுந்து, வாயெல்லாம் நொரை. எம் புருசனுக்குக்கூட சொல்லல. எனக்கு விசுவாசம் பத்தலன்னுதான் வந்துடுச்சின்னு நெனச்சிக்கினு வாய மூடிக்கினு இருந்தேன். புதன்கெழம அவர்கிட்ட மட்டும் சொன்னேன்." அவள் மேலே கை காட்டினாள். "தேவுடா, இந்தாளு ஒன் ஆளுன்னா, இத நீயே அவருக்குச் சொல்லு, அவரு வாயால கேட்டா நான் நம்புறேன்னு சொன்னேன்."

நாங்கள் எல்லோரும் பிரதாப் பக்கம் திரும்பினோம்.

பிரதாப் சமாளித்தார். "அம்மா, உங்கள் விசுவாசக் குறைவினால்தான் அது வந்தது."

"இருக்கலாம்ங்க. ஆனா ஒரு வாட்டிகூட வல்லன்னு கர்த்தர் சொல்றாருன்னீங்களே. அவருக்குத் தெரியும். நான்தான் சொல்லிட்டேனே! உங்களுக்குத்தான் தெரியல."

அவள் கத்தவில்லை. எனக்கு வாய்க்குள் ஆயிரம் வார்த்தை வரிசை கட்டி நின்றது. ஆனால் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று எனக்கே தெரிந்தது. வீடியோக்காரன் போனைக் கீழே இறக்கினான். மாதேஸ்வரி கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து அதைக் கூடவே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள். "அக்கா, கொஞ்சம் தண்ணி குடு" என்றாள். நான் ஓடிப்போய்ச் சொம்பில் கொண்டுவந்தேன். பிரியா மாத்திரையை வாங்கி, எல்லோரும் பார்க்க விழுங்கினாள். பிரதாப் ஏதோ சாபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினார். கீழே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. தமிழ்செல்வி விசும்பிக்கொண்டே போனை எடுத்து அவர் நம்பரைக் குழுவிலிருந்து தூக்கினாள்.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் பெங்களூருக்குப் போவது என்று முடிவாயிற்று. அதுவரை எதுவும் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று அந்த டாக்டரிடமே போனில் கேட்டுக்கொண்டோம். மாதேஸ்வரி அப்போதும் நின்றுகொண்டே இருந்தாள். "நான் அவர சோதிச்சிட்டேனாக்கா? தப்புப் பண்ணிட்டேனா?" என்று என்னைக் கேட்டாள். அந்த ஆளைத்தான் சோதித்தாய், தீர்க்கதரிசி என்று வருகிறவர்களைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி வேதத்தில் சொன்னவரே அவர்தான் என்றேன். அவளுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

அப்போது பிரியா வாயைத் திறந்தாள். அந்தப் பெண் எங்கள் கூட்டத்தில் பேசி நான் கேட்டதே இல்லை.

"அக்கா, புதன்கெழம நானும் ஒண்ணு கேட்டேன்."

"என்னம்மா கேட்ட?"

"எனக்கு மறுபடியும் வந்து செத்துடுவேனோன்னு பயமா இருந்துச்சிக்கா. மாத்திர குடுன்னு அம்மாகிட்ட சொன்னா, எனக்குத்தான் நம்பிக்க இல்லன்னு அழுவும். அதான் அவர்கிட்ட சொன்னேன். எங்கம்மா கையாலயே எனக்கு மாத்திர குடுக்க வையின்னு."

தாயும் மகளும் ஒரே பாயில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு ஒருத்தி பயந்து சொல்லாததை ஒரே நேரத்தில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் யாரும் கேட்கவில்லை. அதே அறையில் இருந்த நானும் கேட்கவில்லை. அவர் இரண்டையும் கேட்டிருக்கிறார்.

மாதேஸ்வரி மகளை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். நான் காலி சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்படியே தரையில் முழங்கால் போட்டேன். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் முழங்காலில் இறங்கினார்கள். யாரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.